மகளின் ரத்தத்தில் கண்ட புள்ளிகள்

மகளுக்கு மூன்று வயது. கான்சாபுரத்தில் என் அம்மா வீட்டிலிருந்து திரும்பியது முதல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். மலேரியாவா என்று ரத்தத்தைப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். நான் ராஜபாளையத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன். அவளையும் அங்கேயே தூக்கிக்கொண்டு போனேன்.

“ஏட்டி, நீ பிள்ளைய வச்சுக்கோ. நான் எடுக்கேன்,” என்றார் கூட வேலை பார்க்கும் அக்கா.

நான் விடவில்லை. வேறு யார் செய்தாலும் தவறிவிடும் என்று பயம். நான் செய்தால் தவறாதா என்று யோசிக்கவில்லை.

விரலில் குத்தி, கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு எடுத்தேன். இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துத் தள்ள, ரத்தம் நாக்கைப் போல மெலிதாகப் படிந்தது. அது காய்ந்ததும் சாயம் ஊற்றினேன். சாயம் உலர்வதற்குள் அதன்மேல் நீர் விட வேண்டும். அதற்குள் மகள் வீறிட்டாள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வியர்க்கிறதே என்று ஃபேனைப் போட்டேன். நீர் விடத் தாமதமாகிவிட்டது.

மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தேன். சிவப்பணுக்களின் மேல் கருஊதாப் புள்ளிகள். நகர்த்திய இடமெல்லாம் புள்ளிகள். இத்தனை கிருமியா? கான்சாபுரத்தில் கொசுவலை கட்டாமல் படுக்க வைத்த ராத்திரிகள் நினைவுக்கு வந்தன.

அக்கா என்னை நகர்த்திவிட்டுப் பார்த்தார்.

“செல்லே இல்லாத எடத்துலயும் புள்ளி கெடக்கு. கண்ணாடிக்குமா மலேரியா வந்திருக்கு?”

“அப்போ?”

“ஃபேன் காத்துல சாயம் காஞ்சு கட்டியாயிருக்கு. வேற போடு.”

வேறு போடுவதென்றால் மறுபடி குத்த வேண்டும். மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். “நீ வேண்டாம், அந்த அத்தை குத்தட்டும்,” என்றாள். அக்காதான் குத்தினார். நான் ஃபேனை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

இந்த முறை அணுக்கள் துப்புரவாக இருந்தன. அக்கா போதும் என்ற பிறகும் நான் தேடிக்கொண்டே இருந்தேன்.

டாக்டரிடம் போனில் சொன்னேன். ஒரு ஸ்லைடில் இல்லையென்றால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, காய்ச்சல் ஏறும்போது இன்னொன்று எடுங்கள் என்றார். அது எனக்கும் தெரிந்ததுதான்.

வீட்டுக்குத் திரும்பும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அவள் என் மடியில் தூங்கினாள். கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. மத்தியான வெயிலா, காய்ச்சல்தான் ஏறுகிறதா, என் கைக்குத் தெரியவில்லை.