சாத்திய கதவு

லீவுக்கு ஜவ்வாது மலையில், காவலூர் தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா சாமைக் கொல்லைக்குக் கிளம்பியதும், கோழி உள்ளே வருகிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்போடு உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. சென்னையிலிருந்து மெனக்கெட்டு வந்தவனை ஒரு வார்த்தை விசாரிக்க இந்த ஊரில் ஆளே இல்லையா?

அக்கா திரும்பி வந்ததும் அவளிடம் பொரிந்து தள்ளினேன்.

"கதவு சாத்திக் கீதே. நீ சென்னைக்கு பஸ் ஏறிட்டேன்னு நெனச்சிருப்பாங்க" என்றாள்.

அதுவும் சரிதான். எங்கள் ஊரில் வீட்டில் ஆளிருந்தால் கதவு திறந்திருக்கும். மலைக்குக் கீழே ஆலங்காயத்திலும் கதவு திறந்துதான் இருக்கும், ஆனால் கிரில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். சென்னையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதவு சாத்தியேதான் இருக்கும் என்றேன். அக்காவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அப்ப உள்ள ஆள் கீறாங்கன்னு எப்பிடித் தெரியும்?"

"வாசல்ல செருப்பு இருக்கும்."

"உன் எதிர் வூட்ல யார் யாரு கீறாங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு கறுப்பு ஷூ, ஒரு பச்சைச் செருப்பு, சின்னதாக ஒரு ஸ்கூல் ஷூ. அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை.