வனஜா மேடத்தின் பத்திரிகை நடை

காலையில் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்பது வனஜா மேடத்தின் உத்தரவு. வாஷ்பேசின் விளிம்பில் விரல் படலாம், சாயக் கூடாது. புதன்கிழமை நான் அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் என் மனைவி போனோடு வந்தாள். மேடம் விடியற்காலை நெஞ்சுவலியில் இறந்துவிட்டதாகச் சொன்னாள். யார் சொன்னது, சரியாகக் கேட்டாயா என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். முந்தின நாள்தானே வகுப்பில் எங்களை வறுத்தெடுத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுத நாற்காலியை இழுத்துப் போட்டாலும் நாலு வரிக்குள் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வருகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வனஜா மேடம் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். பெரம்பலூரில் தனியாக இருந்தார். இருந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு, அவர் எங்கேயும் ஒரு நிமிஷம் இருந்ததில்லை. டீயைப் பாதி குடித்துவிட்டு எழுந்துவிடுவார். பேசிக்கொண்டே செருப்பை மாட்டுவார். அப்படிப்பட்டவர்தான் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு ஆடாமல் நிற்கச் சொல்லிக்கொடுத்தார்.

ஆலத்தியூர் சிமெண்ட் ஆலை ஸ்டோரில் வேலை பார்த்து ரிடையரானவன் நான். ஒரு நாள் கொல்லையில் ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் மகனுக்குத் தெரிந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பு என்பான். அதனால் சைக்கிள் இடித்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். மேடத்திடமும் அதையே சொன்னேன். இடுப்புக் காயத்தைப் பார்த்தவர், "சைக்கிள் உங்க வூட்டுத் தொவைக்கிற கல்லு வரைக்கும் வந்துச்சுங்களா சார்?" என்று கேட்டார். என் மனைவி சிரித்துவிட்டாள். பிறகு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "விழுந்தா வாயத் தொறந்து சொல்லுங்க. மறைக்கறவங்கதான் மறுபடியும் விழறாங்க."

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி ஹாலில் நடக்கும். முகூர்த்த நாளில் லீவு. தரையில் டைல்ஸ் சேரும் கோடுதான் எங்கள் பாதை. குதிகாலும் கால்விரலும் ஒட்ட, அந்தக் கோட்டின்மேல் நடக்க வேண்டும். சுவர் எட்டும் தூரத்தில் இருக்கும், கூடவே ஒருவர் துணைக்கு வருவார். வெறுமனே நடந்தால் போதாது, நடக்கும்போது மூளைக்கும் வேலை தருவார். ஏன் இந்தக் கொடுமை என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"சும்மா நடக்கும்போது யாருங்க விழறா? அடுப்புல பாலு, வாசல்ல ஆளு, கையில போனு. நெனப்பு அந்தப் பக்கம் போகும்போதுதான் கால் ஏமாத்துது. அதனால நெனப்பையும் காலையும் சேத்துப் பழக்கணும் சார்."

முதலில் நூறிலிருந்து மும்மூன்றாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பட்டதே போதும் என்று எல்லோரும் முணுமுணுத்தோம். கல்யாண மண்டபத்தில் நின்றதாலோ என்னவோ, மறுநாள் வேறொன்று கொண்டுவந்தார். வீட்டில் ஒரு விசேஷம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது, எந்த ஊர், என்ன உறவு என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். அதற்குப் பத்திரிகை நடை என்று நாங்களே பெயர் வைத்தோம். அதன்பிறகு வகுப்பு களைகட்டிவிட்டது. "மச்சான விட்டுட்டீங்களே," என்று ஒருவர் கேட்க, "வேணும்னுதான் விட்டேன்," என்று இன்னொருவர் சொல்ல, இருவரும் கோட்டிலிருந்து இறங்கிச் சண்டை போடுவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர் பெயர் வரும்போதுதான் பலருக்குக் கால் தள்ளாடும். மேடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு நாள் நாங்கள் அவரையே நடக்கச் சொன்னோம். விட்டால் போதும் என்று கிளம்பப் பார்த்தவரை வழி மறித்தோம். வேகமாக ஆரம்பித்தார். அரியலூர் மாமா வீடு, கீழப்பழுவூர் அத்தை வீடு, ஜெயங்கொண்டம் சித்தப்பா வீடு. அடுத்து "உடையார்பாளையம் தனம் அக்கா" என்றார். கால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

அன்று டீயை முழுதாகக் குடித்தார். தனம் கூடப் பிறந்த ஒரே அக்கா என்றார். அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தபோது, அக்கா நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை. நெல் மண்டிக்கு வந்த யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். மேடம் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்கப்புறம் அக்காவின் போனையும் எடுக்கவில்லை. "தாலி அறுத்தவ வூட்டுக்கு நேர்ல வர அவளுக்கு மனசு வல்ல," என்றார்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பேரன் கல்யாணத்துக்கு முந்திரி வாங்க உடையார்பாளையம் போனவன், கடையில் விசாரித்துக்கொண்டு தனம் அக்கா வீட்டுக்கும் போய்விட்டேன். கதவைத் திறந்த அம்மாள் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தார். தங்கை பெயரைச் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கொல்லையில் விழுந்துவிட்டாராம். கல்யாண வீட்டில் இப்படி நடந்தது தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்பார்களே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. வைத்தியமும் சரியாகப் பார்க்கவில்லை. மணமேடையிலும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"அவகிட்ட சொன்னா ஊரையே கூட்டிடுவா. கல்யாணம் முடியட்டும், நேர்ல போயிச் சொல்லிக்கலாம்னு இருந்தன். அப்புறம் அவ போனே எடுக்கல," என்றார்.

திரும்பி வந்து மேடத்திடம் சொன்னேன். என்னைத்தான் திட்டினார். உங்களை யார் அங்கே போகச் சொன்னது என்று கத்தினார். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, அரியலூரில் மாறி, உடையார்பாளையம் போய்விட்டார். ஊருக்கெல்லாம் மறைக்காதீர்கள் என்று சொன்னவருக்குச் சொந்த அக்கா விழுந்தது தெரியாமல் போய்விட்டதே என்ற ஆற்றாமை அவரைக் கடைசிவரை விடவில்லை.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார். முதலில் நாற்காலியைப் பிடித்து நிற்க வைத்தார். பிறகு சுவரோரம் நடக்க வைத்தார். அப்புறம் பத்திரிகை நடை. "அக்கா கடைசியில சொல்ற பேரு என் பேருங்க சார். அதையும் 'பெரம்பலூர் வனஜா, நேர்ல'ன்னு சொல்லித்தான் முடிக்கறா," என்று எங்களிடம் சொன்னபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அக்கா பொங்கலுக்குப் பெரம்பலூர் வீட்டுக்கு வர வேண்டும், அதுவும் கேட்டிலிருந்து தன் காலால் நடந்து வர வேண்டும் என்பது மேடத்தின் ஒரே பிடிவாதம். காரில் கொண்டுவந்து இறக்கித் தூக்கி உட்கார வைப்பதென்றால் வேண்டவே வேண்டாம் என்றார். வாசல் படியோரம் வெல்டரை வைத்துக் கைப்பிடிக் குழாய் போட்டுப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் காய்ந்ததா என்று எத்தனை தடவை தொட்டுப் பார்த்தார் என்று கேட்டால் என் மனைவி கதை கதையாகச் சொல்வாள். இது நடந்தது மார்கழியில். பொங்கல் வரை அவர் இருக்கவில்லை.

புதன்கிழமை மதியம் நான் அந்தக் கேட்டருகேதான் நின்றிருந்தேன். உள்ளே போக மனமில்லை, வீட்டுக்குப் போகவும் முடியவில்லை. உடையார்பாளையத்திலிருந்து கார் வந்தது. தனம் அக்காவை அவர் மகள் இறக்கினார். பெண்கள் நாலைந்து பேர் அழுதுகொண்டே தாங்கிப் பிடிக்க ஓடினார்கள்.

"புடிக்காதீங்க. அவ பாத்தா திட்டுவா," என்றார் அக்கா.

மகளுடைய கையையும் எடுத்துவிட்டார். நடந்தார். உதடு அசைந்தது. அரியலூர் மாமா வூடு, கீழப்பழுவூர் அத்தை வூடு, ஜெயங்கொண்டம் சித்தப்பா வூடு என்று ஒவ்வொன்றாக வந்தது. படியில் ஏறினார், நானும் பின்னாலேயே போனேன். பச்சைக் குழாய் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது, அவர் அதைத் தொடவில்லை. கூடத்தில் தங்கை கிடத்தப்பட்டிருந்த இடத்துக்கு வந்து, இரண்டு காலையும் சேர்த்து நின்றார்.

"வனஜா, நேர்லயே வந்துட்டன்டி," என்றார்.

மேடம், அக்கா கேட்டிலிருந்து நடந்துதான் வந்தார், நான் பார்த்தேன். நீங்கள் போய் வாருங்கள்.