பின் சக்கரம்

என் கணவர் வாடகைக்குக் கார் ஓட்டினார். வண்டி சொந்த வண்டி. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் எங்கள் சந்தில், வாசலோரம்தான் நிறுத்துவார். சவாரி முடிந்து வந்தவுடன் கழுவ மாட்டார். "சக்கரம் சூடா இருக்கையில தண்ணி ஊத்தக் கூடாது" என்று டீ குடிக்கப் போய்விடுவார். ஆறிய பிறகு குந்தி உட்கார்ந்து, பழைய டூத் பிரஷ்ஷால் நட்டுகளின் இடுக்கையெல்லாம் தேய்ப்பார். டயரின் பள்ளத்தில் சிக்கிய கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுப்பார். மேலூர் பக்கம் போய் வந்தால் குவாரித் தூசி அப்பியிருக்கும். அன்றைக்குச் சாப்பாடு தாமதம்தான்.

"பெத்த பிள்ளைக்குக்கூட நீங்க இம்புட்டுப் பண்டுவம் பாத்ததில்ல" என்பேன். சிரித்துக்கொள்வார்.

போன சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாம் பேசுவது புரிகிறது. பதில் சொல்ல வரவில்லை. அவரிடம் மிஞ்சியது "அது" என்ற ஒரே சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் அது, ஃபேனைப் போடச் சொன்னாலும் அது. கண் போகும் திசையைப் பார்த்து நான் ஊகித்துக்கொள்வேன்.

காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். எதிரே ஓடாமல் நிற்கும் கார். ஒருநாள் இடது கையை நீட்டிப் பின் சக்கரத்தைக் காட்டி, "அது" என்றார்.

அழுக்கைச் சொல்கிறார் என்று நினைத்தேன். வாளியில் ஷாம்பு கரைத்து, அவர் செய்வது போலவே பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். முழங்கால் வலி உயிர் போயிற்று. நிமிர்ந்து பார்த்தால் இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் போகலையா? எங்க, இங்கயா?"

"அது! அது!"

மறுபடி தேய்த்தேன். அவர் நாற்காலியின் கையை ஓங்கித் தட்டினார். கோபத்தில் முகம் சிவந்து, கடைசியில் அழுதுவிட்டார். ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்து நானும் அழுதேன். தினமும் இதேதான் நடந்தது.

சோழவந்தானில் வாழ்க்கைப்பட்ட மகள் பார்க்க வந்தாள். "வண்டியப் பாக்கப் பாக்க அப்பாவுக்கு வேதனைம்மா. மூடிப் போட்டுரு" என்றாள். தார்ப்பாய் போட்டு மூடினோம். அன்று அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஊட்டப் போன ஸ்பூனைத் தட்டிவிட்டார். சாயங்காலமே தார்ப்பாயை எடுத்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அந்தச் சக்கரம் காற்றிறங்கித் தரையோடு சப்பிப்போனது. காற்றடிக்கப் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் காற்றை அடித்துவிட்டு டயரைத் தடவிப் பார்த்தார்.

"அக்கா, வண்டி நின்ன எடத்துலயே நிக்கிதுல்ல, அம்புட்டுப் பாரமும் டயருல ஒரே பக்கத்துலதான் எறங்குது. அப்பப்ப கொஞ்சம் தள்ளி விடுங்க. இல்லாட்டி ரப்பர் வெடிச்சிரும்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "இதத்தான் சொன்னீங்களா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரரும் கடைக்காரரும் சேர்ந்து வண்டியை அரைச் சக்கரம் உருளும் அளவுக்குத் தள்ளினார்கள். அன்று மதியம் ரசம் சோறு கை காட்டி வாங்கிச் சாப்பிட்டார். இத்தனை நாளும் இவ்வளவு எளிய விஷயத்துக்காகவா அவரை அழவிட்டேன் என்று என்னையே நொந்துகொண்டேன். ஆனாலும் இனிமேல் அவர் பேச்சு புரிந்துவிடும் என்று ஒரு தைரியம் வந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மறுபடி காரைக் காட்டினார். "அது."

ஆள் பிடித்து வண்டியைத் தள்ளினேன். இல்லையென்று தலையை ஆட்டினார். பஞ்சர் கடைக்காரரிடம் காற்றைப் பார்க்கச் சொன்னேன். சரியாக இருந்தது. நாலு சக்கரத்தையும் கழுவினேன். கதவைத் திறந்து, "உள்ள உக்காரணுமா?" என்றேன். அதுவும் இல்லை.

"வேற என்னங்க? எனக்கு வெளங்கலையே" என்று அவர் முன்னால் மண்டியிட்டேன்.

இந்தத் தடவை அவர் கோபப்படவில்லை. நீட்டிய கையை மெல்ல மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால், நாற்காலியைத் தட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காகவே விட்டுவிட்டார் என்று பட்டது.

அதன் பிறகு அவர் காரைக் காட்டவே இல்லை. அன்று என்ன சொல்ல வந்தார் என்று இதுவரை எனக்குத் தெரியாது.