நவச்சாரம் கரைத்த செம்பு

மூக்கின் நுனியில் முதலில் சுருக்கென்று ஒரு குத்தல், அடுத்துக் கண்ணில் நீர், அதற்குப் பிறகுதான் வெள்ளைப் புகை தெரியும். மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் 'ஈயம் பூசற பாய்' எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார் என்பதை இண்டூர்ப் பிள்ளைகளான நாங்கள் இப்படித்தான் தெரிந்துகொள்வோம். புளிய மரத்தடியில் குழி தோண்டித் துருத்தியைப் பொருத்தி, கரி நெருப்பில் பித்தளைப் பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரத் தூளை உள்ளே வீசிப் பஞ்சால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாரானால், களிம்பேறிக் கிடந்த குண்டான் வெள்ளிபோல ஆகிவிடும். அந்தப் புகையை முகர்வதற்கென்றே பக்கத்தில் போய் உட்கார்ந்து, இருமி, திட்டு வாங்கி, மறுபடியும் போய் உட்காருகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி.

நான் சொல்லப்போவது யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷத்துக் கதை. எனக்கு ஒன்பது வயது, தம்பி பழனிக்கு ஐந்து. அவனுக்கு 'மொறக்காச்சல்' கண்டிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்தாற்போல உச்சிவேளைக்கு முன்னால் குளிர் வந்து பல் கிட்டும், பிறகு உடம்பு அனலாகக் கொதிக்கும், சாயங்காலம் வேர்த்துக் கொட்டி ஓயும். அதற்கு மருந்தான கொயினா யுத்தத்தால் எங்கும் அகப்படவில்லை. அரூரில் ஒருவரிடம் இருப்பதாக யாரோ சொன்னதை நம்பி அப்பா விடியற்காலையிலேயே வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தார்.

எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் காய்ச்சல்காரருக்கு ஒரு சட்டம் இருந்தது. கம்பளியை விலக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது. நாக்கு நனைய வெந்நீர், அதுவும் சங்கில். மற்ற வீடுகளிலாவது பிள்ளை அழுதால் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வார்கள். எங்கள் அம்மாவிடம் அது நடக்காது. எனக்கு முன்னால் பிறந்த பொன்னி என்ற அக்காள் இதே மாதிரிக் காய்ச்சலில் கிடந்து, 'தண்ணி, தண்ணி' என்று கெஞ்சியபோது, மனசு கேட்காமல் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்துவிட்டாள் அம்மா. அன்று பொழுது சாய்வதற்குள் பொன்னி போய்விட்டாள். "பெத்தவளே தண்ணியக் குடுத்துக் கொன்னுப்புட்டா" என்று சாவுப் பந்தலில் வைத்தே பேசியிருக்கிறார்கள். எங்கள் அத்தை வருகிறபோதெல்லாம் அதை ஒருதரமாவது சொல்லாமல் போகமாட்டாள். பொன்னியின் பெயரை அம்மா வாயால் அதுவரை நான் கேட்டதே இல்லை.

அன்று நான் அண்டாவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பாய் கொட்டாங்குச்சியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நவச்சாரக் கட்டியை அதில் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தார். "தொட்டுப் பாரு பாப்பா" என்றார். தொட்டேன், சில்லென்றிருந்தது. அந்த வெயிலில், நெருப்புக்குப் பக்கத்தில், அந்தத் தண்ணீர் மட்டும் மார்கழிப் பனியில் வைத்த தண்ணீராக ஆகியிருந்தது. எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. வீட்டில் ஒருவன் கம்பளிக்குள் கிடந்து "சில்லுனு தண்ணி குடு அக்கா" என்று குளிர் விட்டு அனல் ஏறியதிலிருந்து அழுதுகொண்டிருக்கிறான். பாய் துருத்தி பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, அவர் சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பாவாடையில் முடிந்துகொண்டு ஓடிவந்தேன். திருட்டுதான்; இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தாள். புதிதாக ஈயம் பூசி வந்திருந்த செம்பில் தண்ணீர் மொண்டு, முடிந்துவந்ததை முழுக்கக் கொட்டிக் கலக்கினேன். கலக்கக் கலக்கச் செம்பு என் உள்ளங்கையில் சில்லிட்டது, வெளிப்புறம் முத்து முத்தாக வேர்த்தது. பழனியின் தலையைத் தூக்கி வாயில் வைத்தேன். பாவம், தவித்த வாய். இரண்டு மடக்கு உள்ளே போனபிறகுதான் நாக்குக்கு உறைத்தது. உப்பா கசப்பா என்று தெரியாத அந்த இழவைக் குடித்தவன் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு ஓங்கரித்து, படுக்கையெல்லாம் வாந்தி எடுத்தான். அம்மா ஓடிவந்தாள். செம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் அடிக்கக்கூட இல்லை. தெருவுக்கு ஓடி, "ஐயோ பாயி, வந்து பாருங்க, எம்புள்ளைக்கு வெசத்தக் குடுத்துட்டாளே" என்று அலறிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பாய் கரிக் கையோடு உள்ளே வந்தார்.

"எத்தன வாயி குடிச்சான்?"

"ரெண்டு" என்றேன்.

"வெசமெல்லாம் இல்லீங்கம்மா. வவுத்தப் பொரட்டும், வாந்தி வரும், அவ்வளவுதான். தண்ணி குடுங்க. வவுறு நெறையக் குடுங்க, கரைஞ்சு போயிரும்."

"காச்சக்காரப் புள்ளைக்குப் பச்சத் தண்ணியாங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா அசையாமல் நின்றாள். குடித்தது விஷமாக இருந்து, தண்ணீரும் கொடுக்காவிட்டால் போய்விடுவான். தண்ணீர் கொடுத்தாலோ பொன்னி போன மாதிரி போய்விடுவான். அவள் முன்னால் வேறு வழி எதுவும் இல்லை. கடைசியில் பானைப் பக்கம் போனாள். மொள்ளும்போது பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. பழனி மூன்று செம்பு குடித்தான். ஒரு மடக்குக்கும் அடுத்த மடக்குக்கும் நடுவில் அம்மாவின் கண் அவன் முகத்தை விட்டு நகரவே இல்லை. பாய் கம்பளியை உருவி எறிந்துவிட்டு, என் செம்பில் மீந்திருந்ததில் துண்டை நனைத்து நெற்றியில் போட்டார்.

பொழுது இறங்கும் நேரத்தில் அவன் கழுத்தடியில் ஈரம் கண்டது. பிறகு நெற்றி, நெஞ்சு, முதுகு எல்லாம் குப்பென்று வேர்த்தது. அம்மா புறங்கையை வைத்துப் பார்த்தாள். "வேர்த்திருச்சு" என்றாள். பழனி கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றான். அப்போது எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உடம்பிலிருந்து எலும்பையெல்லாம் உருவிவிட்டாற்போலத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கடையைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்க்க வந்த பாயிடம் அம்மா கேட்டாள்: "அப்ப, தண்ணி குடிச்சா ஒண்ணும் ஆவாதுங்களா?"

அவருக்குப் பழைய கதை தெரியாது. "தண்ணி குடிச்சு யாரும்மா செத்தாங்க?" என்று சிரித்துவிட்டு, எனக்கு ஒரு முறைப்பையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "பொன்னி, எம் பொன்னி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பழனி பிழைத்த நிம்மதியில் செத்த மகளையும் நினைத்து அழுகிறாள் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். அப்பா வெறுங்கையோடு வந்தபோது அவள் முகம் கழுவி, களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

பின்னாளில் நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவளானேன். நவச்சாரம் கரைவதற்கு வெப்பம் வேண்டும். அதைத் தண்ணீரிடமிருந்து எடுக்கிறது, தண்ணீர் செம்பிடமிருந்தும் செம்பு என் கையிடமிருந்தும் எடுத்துக்கொண்டன. வேர்வையும் அப்படித்தான், உலர்ந்து போகும்போது உடம்பின் சூட்டைக் கொண்டுபோகிறது. வேர்க்கத் தண்ணீர் வேண்டும், உலரக் காற்று வேண்டும். நாங்களோ இரண்டையும் மறுத்து, கம்பளியையும் போர்த்திவிட்டுக் காய்ச்சல் இறங்கக் காத்திருந்தோம். பழனியைக் காப்பாற்றியது நான் இல்லை. அன்றைய முறை முடிந்து காய்ச்சல் தானாகவே இறங்கியிருக்கும். அவனோ உயிரோடு இருந்தவரை, அக்காள் விஷம் வைத்துத்தான் தான் தேறினதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

எவர்சில்வர் வந்த பிறகு பாய் வருவது நின்றது. மொறக்காச்சல் என்ற சொல் என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மா இல்லை, அவளைப் பேசிய அத்தை இல்லை, பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் இல்லை. பொன்னி என்று ஒரு பிள்ளை இருந்ததை அறிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். அதனால் எழுதி வைக்கிறேன்: பொன்னி காய்ச்சலில் செத்தாள். அவள் கடைசியாகக் குடித்தது வயிறு குளிர ஒரு செம்புத் தண்ணீர், அதைக் கொடுத்தவள் எங்கள் அம்மா.