பொன்னுருக்கு அன்று ஸ்டான்ட்பை

என் தம்பி சுகிர்தன் விமானம் ஓட்டுகிறவன். சொந்தக்காரர் இதைச் சொல்லிப் பெருமைப்படும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஒன்பது வருடமாக இவனுடைய தீபாவளியையும் பிறந்தநாளையும் தீர்மானிப்பது ஒரு ரோஸ்டர், அதாவது மாத வேலைப் பட்டியல். மாதக் கடைசியில் அது போனில் வந்து விழும். அன்றைக்கு கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் யாரும் இவனோடு வாய் கொடுக்க மாட்டோம்.

கலியாணத்துக்கு நாள் வைத்ததும் கூத்து தொடங்கியது. பெண் கொட்டாஞ்சேனை மிதுனா, அதே கம்பனியில் விமானப் பணிப்பெண். ஐயர் எட்டு மாதம் முன்பே எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டார். ரோஸ்டருக்கு ஐயரைத் தெரியாதே! கலியாணத்துக்கு வியாழன் தொடக்கம் லீவு கிடைத்தது. திங்கட்கிழமை, தாலிக்குப் பொன் உருக்கும் நாளில், காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஸ்டான்ட்பை. வீட்டில் இருக்கலாம், ஆனால் கூப்பிட்டால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓட வேண்டும்.

"சுகமில்லை எண்டு சொல்லு தம்பி" என்றார் அம்மா, ஏதோ பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுப்பதுபோல.

அங்கேதான் சிக்கல். ஆறு மாதத்துக்குள் மூன்று தரம் சுகமில்லை என்றால் கப்டன் பயிற்சி ஒரு வருடம் தள்ளிப்போகும். சுகிர்தன் ஏற்கெனவே இரண்டு எடுத்துவிட்டான். ஒன்று காது அடைப்பு, மற்றது நான் வைத்த நண்டுக்கறி. அதை இன்றுவரை குத்திக் காட்டுகிறான். ஒன்பது வருடம் காத்திருந்த பயிற்சி, அடுத்த மாதம் தொடங்கவிருந்தது.

திங்கட்கிழமை காலை மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு இருந்தான், மடியில் போன். இஸ்திரி போட்ட யூனிபோர்ம் கதவில் தொங்கியது. பத்தர் கரி நெருப்பை ஊத ஊத, போன் அடித்தது. பத்தரும் ஊதுவதை நிறுத்தினார். கனடாச் சித்தப்பா!

"முடிஞ்சுதோ?"

எங்களுக்கு வந்த கோபத்துக்கு அவர் கனடாவில் இருந்தது அவருடைய நல்ல காலம்.

பொன் உருகி, அதைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டும்போது மறுபடி போன். இந்தமுறை ரோஸ்டர் பிரிவு ஷஹீமா. தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

"சுகிர்தன், சென்னை போய் வரணும், பத்தரைக்கு வாங்க. இன்னொரு சந்தோசமான விசயம். மிதுனாவையும் அதே பிளைட்ல மாத்திப் போட்டிருக்கன். என்ட கலியாணப் பரிசு!"

நல்ல மனம். பொன்னுருக்கினால் தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் முகம் பார்க்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது? அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் போகத்தான் வேணும்" என்றான் தம்பி.

"அவளைப் பாத்தியெண்டால்?"

"முன்னுக்குப் பாத்துத்தானேம்மா ஓட்டுவன்."

அம்மா உள்ளே ஓடிப்போய் அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை எடுத்து வந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அவன் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் பயிற்சி, மறுபக்கம் அம்மாவின் கண்ணீர். யூனிபோர்ம் சட்டையின் பொத்தான்களை மாறிப் பூட்டினான். நான்தான் கழற்றிப் பூட்டிவிட்டேன்.

சப்பாத்துப் போடும்போது மறுபடி ஷஹீமா. "ஸொரி சுகிர்தன், பரிசு கெட்டுப்போச்சு. மிதுனா சுகமில்லண்டு இப்பதான் போன் எடுத்தா. வேற ஆள் போட்டுட்டன். நீங்க வாங்க."

தம்பி உடனே மிதுனாவுக்கு அடித்தான், அதுவும் ஸ்பீக்கரில்.

"என்ன செய்யுது? காய்ச்சலோ?"

"ஒண்டுமில்லை. பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறன்."

"பிறகேன் சிக் லீவு எடுத்தனீர்?"

"நாங்கள் முகம் பாக்கக் கூடாதெல்லே? உங்களிட்ட ஏற்கெனவே ரெண்டு சிக் இருக்கு. என்னட்ட ஒண்டும் இல்லை. ஏழு வருசத்தில ஒரு நாள்கூட எடுக்கேல்லை. இந்த வருசக் கடைசியில அதுக்கு மேடையில கூப்பிட்டுச் சான்றிதழ் தாறதா இருந்தவை." கொஞ்சம் மென்று விழுங்கும் சத்தம். "போகட்டும். நீங்கள் போய் ஓட்டுங்கோ, கப்டன்."

அம்மா போனைப் பறித்தார்.

"பிள்ளை, பலகாரம் காணுமோ? இன்னும் குடுத்துவிடட்டோ?"