ஜவ்பர் ஒத்துக்கொண்ட பிழை

செய்தி வந்தபோது நான் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறைக்குள் இருந்தேன். அந்த இரைச்சலில் போன் அடித்தது கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் கம்பளையிலிருந்து ஆறு அழைப்புகள். திருப்பி எடுத்தேன். ஜவ்பரின் மனைவியின் தம்பி பேசினார். "மச்சான் மௌத்தாகிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுண்டு சொன்னாங்க. கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." கம்பளைக்குப் போகிற வழியில் பேராதனைச் சந்தியில் பஸ் நகராமல் நின்றபோது டிரைவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்த மனிதன் என்ன செய்வான்? கடைசியில் முகம் பார்க்கக் கிடைத்தது, அவ்வளவுதான்.

இறந்தவரை அவர் என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், யாரோ வேற்றாளைப் பற்றி எழுதுவது மாதிரி இருக்கிறது. ஜவ்பரும் நானும் ஒரே வயது. பதினொரு வருடம் ஒரே ஏணியில் ஏறி, கண்டியைச் சுற்றி எத்தனையோ கூரைகளில் சோலார் பெனல் பூட்டியிருக்கிறோம். அவன் என்றே எழுதுகிறேன். கோபிப்பவர்கள் கோபியுங்கள்.

அவனோடு வேலை செய்தவர்களுக்கு அவனுடைய வெண்கட்டி ஞாபகம் இருக்கும். புதுக் கூரை என்றால் முதல் நாள் ஒரு ஆணி கூட அடிக்க மாட்டான். காலையிலிருந்து மாலை வரை கூரையில் குந்தியிருந்து, மணிக்கொரு தடவை நிழல் எங்கே நிற்கிறதோ அந்த ஓரத்தில் வெண்கட்டியால் கோடு கீறுவான். எனக்கென்றால் பற்றிக்கொண்டு வரும். மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர் வீட்டுக் கூரை. அவர் கீழேயிருந்து கத்தினார்: "வேலை செய்ய வந்தீங்களா, வெயில் காய வந்தீங்களா?" ஜவ்பர் சிரித்துக்கொண்டே சொன்னான்: "வெயில எவனும் பாப்பான் மிஸ். நிழலப் பாக்கத்தான் ஆள் வேணும்."

அந்த டீச்சர் லேசில் விடுகிற ஆள் இல்லை. பெனல் பூட்டி முடிந்ததும் தண்ணீர்த் தாங்கியை ஏன் இடம் மாற்றச் சொன்னீர்கள் என்று கேட்டார். அதன் நிழல் ஒரு மூலையில்தானே விழுகிறது என்றார். ஜவ்பர் தோளிலிருந்த துவாயை எடுத்து ஆறு பெனலில் ஒன்றின் மேல் விரித்தான். ஆறில் ஒரு பங்குதான் குறையும் என்று டீச்சர் நினைத்திருப்பார். மீட்டர் பாதிக்கு இறங்கியது. "எல்லாம் ஒரே கோர்வையில ஈக்கு மிஸ். வரிசையில ஒருத்தன் நின்டா, பின்னால வாறவனும் நிக்கத்தான் வேணும்" என்றான். டீச்சர் அன்று இரண்டு பேருக்கும் பிளேன்டீயோடு கொக்கிஸ் பலகாரமும் தந்தார்.

இனி கலஹாவுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்குத் தண்ணீர் கிடையாது. பெண்கள் கொழுந்து பறித்துக் களைத்து வந்து, கீழே ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய்க் குடத்தில் பிடித்து, வழுக்குகிற படிகளில் சுமந்து ஏற வேண்டும். பீலிக்கரையில் ஒரு பம்ப் வைத்து, சோலாரில் ஓட்டி, மேலே தாங்கியை நிரப்புவது என்று ஏற்பாடு. பெனல் பூட்ட அகப்பட்டது, வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தின் தகரக் கூரை ஒன்றுதான். அதற்குத் தெற்கே பெரிய பலாமரம். பலாவை அரசாங்க அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் பூட்டியது ஆனி மாதம். அப்போது பலாவின் நிழல் கூரைப் பக்கமே வராது. ஆனால் மார்கழியில் சூரியன் தெற்கே சரியும்போது அது கூரை ஓரத்திலிருந்து மேலே ஏறும் என்று ஜவ்பர் கணக்குப் போட்டு வைத்திருந்தான். பன்னிரண்டு பெனல், கீழ் வரிசையில் ஆறு, மேல் வரிசையில் ஆறு. நிழல் கீழ் வரிசையை மூடும், மேல் வரிசையைத் தொடாது. அதனால் கீழே உள்ள ஆறையும் ஒரு கோர்வையாகவும், மேலே உள்ள ஆறையும் வேறு கோர்வையாகவும் வயர் இழுக்கும்படி தகரத்தில் கோடு போட்டுத் தந்தான். கீழ்க் கோர்வை படுத்தாலும் மேல் கோர்வை பம்பை மெதுவாகவாவது சுற்றும்.

அன்று வெள்ளிக்கிழமை. அவன் ஜும்ஆ தொழுகைக்கு டவுன் பள்ளிவாசலுக்குப் போனான். அவன் போன கையோடு மழை கொட்டியது. மழை விட்டுக் கூரையில் ஏறிப் பார்த்தால் ஒரு கோடு இல்லை. அவன் வரும்வரை காத்திருந்திருக்கலாம். நான் காத்திருக்கிற பிறவியா? பேராதனை பஸ்ஸை விட்டால் இன்னும் இரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டும். வயர் எந்தப் பக்கம் குறையுமோ அந்தப் பக்கம் இழுத்தேன். இடப்பக்கத்தில் மேலே மூன்று, கீழே மூன்று ஒரு கோர்வை. வலப்பக்கமும் அப்படியே. பெனலை மேலே பூட்டி இறுக்கிய பிறகு அடியிலுள்ள வயர் யாருக்குத் தெரியும்? ஜவ்பர் வந்து கேட்டான்: "கோடு மாதிரித்தானே மச்சான்?" ஆமாம் என்றேன்.

மேல் லயத்துக் குழாயில் தண்ணீர் வந்த அன்று புஷ்பம் என்ற அக்கா எங்கள் இருவருக்கும் பொங்கல் கொண்டுவந்தார். ஆறு மாதம் குறையில்லாமல் ஓடியது. மார்கழியில் நிழல் ஏறியது. கீழ் வரிசையை மூடியதும் என் இரண்டு கோர்வையிலும் பாதி செத்தது. பம்புக்குத் தேவையான வோல்டேஜ் ஒன்றிலும் இல்லை. வெயில் நன்றாக அடிக்கிற பத்தரையிலிருந்து ஒன்றரை வரை பம்ப் நின்றது. தை வறட்சியில் தாங்கி காய்ந்தது. குடங்கள் மறுபடி பீலிக்கு இறங்கின.

தோட்ட ஆபீஸில் கூட்டம் கூடியது. புஷ்பம் அக்காவும் லயத்துப் பெண்களும் வாசலில் நின்றார்கள். பெரிய கிளாக்கர் கேட்டார்: "இது யாருடைய பிழை?" அடுத்த வாரம் எனக்கு ஆஸ்பத்திரி வேலைக்கு நேர்முகம். நான் நல்ல வேலைக்காரன் என்று கடிதம் தர வேண்டியவர் அதே கிளாக்கர். ஜவ்பருக்கு அது தெரியும். காலையில் அவன் கூரையில் ஏறி இரண்டு பெனலைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தான், அதுவும் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. "என்ட பிழைதான். நிழலப் பிழையாப் பாத்துட்டேன்" என்றான் அவன். ஒரு நாள் மட்டும் தாருங்கள், வயரை மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சினான். நிழல் பார்க்கத் தெரியாதவனை இனிக் கூரையில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

படியில் இறங்கும்போது அவன் ஏசுவான் என்று காத்திருந்தேன். "கோடு அழிஞ்சா திரும்பக் கீறலாம் மச்சான். வெண்கட்டி எம்புட்டு ஈக்கு" என்றான். பஸ்ஸில் ஏறிய பிறகு சொன்னான்: "எனக்குத் தர மாட்டாங்க. நீ போய்க் கேளு, ஒனக்குத் தருவாங்க. ஒரு நாள் வேலைதானே." நேர்முகம் முடியட்டும் என்றேன். நேர்முகம் முடிந்தது. வேலைக் கடிதம் வரட்டும் என்றேன். பங்குனியில் பம்பையும் குழாயையும் கழற்றி வேறு டிவிஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு எந்தத் தோட்டமும் ஜவ்பரை வேலைக்குக் கூப்பிடவில்லை. கம்பளையில் மின்விசிறி திருத்திக்கொண்டு இருந்தான். பெருநாளுக்குப் பெருநாள் அவன் வீட்டிலிருந்து எனக்கு வட்டிலப்பம் வரும். கலஹா என்ற பேச்சை அவன் ஒரு நாளும் எடுத்ததில்லை. நான் மட்டும் எடுப்பேனா?

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். புஷ்பம் அக்கா இடுப்பில் குடத்தோடு படியேறி வந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. குடத்தை வாங்கப் போனேன், தரவில்லை. ஜவ்பர் போன செய்தியைச் சொன்னேன். குடத்தை இறக்கி வைத்து அழுதார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், மழையை, கோட்டை, வயரை, என் பொய்யை. பிழை என்னுடையது, அவன் நிழலைச் சரியாகத்தான் பார்த்தான் என்று சொன்னேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஒங்க கூட்டாளிக்காகப் பேசுறீங்க, தெரியுது. போனவரு பேரைக் காப்பாத்தணும்னு நெனைக்கிறீங்க" என்றார்.

"இல்லை அக்கா, சத்தியமா."

"விடுங்க. அவரு நல்ல மனுசனுங்க. கேட்டதுமே என் பிழைதான்னு ஒத்துக்கிட்டாரு. இந்தக் காலத்துல அப்படி யாரு ஒத்துக்குவா? நெழலு மட்டும் தப்பிப் போச்சு. அதுக்கென்ன செய்ய." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிப் போனார்.

ஜவ்பரைத் தெரிந்தவர்களே, நீங்களாவது நம்புங்கள். நம்பினாலும் அந்த லயத்துக்கு இனித் தண்ணீர் ஏறப்போவதில்லை. அவன் வெண்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவன் மனைவி தந்தார். வாங்க எனக்குக் கை வரவில்லை. அவனுடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். என் ஆஸ்பத்திரி பைலில், முதல் தாளாக, பெரிய கிளாக்கரின் கையெழுத்தோடு அந்தக் கடிதம் இருக்கிறது. பொறுப்பும் கவனமும் உள்ள தொழிலாளி என்று அதில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.