மணி அடித்தபோதும் நிற்காத குழாய்

மாதா கோயிலடி மணலில் ஓர் இரும்புக் குழாய் முழங்கால் உயரத்துக்குத் துருப்பிடித்து நின்றது. முல்லைத்தீவுக் கரையில் இருந்த அந்த ஊரில் குழாய்க்கிணறு போட எடுத்த முதல் முயற்சியின் மிச்சம் அது. ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே கோயில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். ஊர்க் கிணறெல்லாம் உப்பு. பெண்கள் குடத்தோடு வெகுதூரம் நடந்தார்கள்.

வேலைக்கு வந்தவர் தண்ணீரூற்று என்ற ஊரைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, எல்லோருக்கும் அவர் 'நானா'தான். குழாயின் தலையில் குறுக்குத்தடி கட்டி, மணல்மூட்டை ஏற்றி, மீன்பிடிகாரர் நாலு பேரைச் செக்குமாடு போலச் சுற்றி நடக்கவிட்டார். சும்மா அமுக்கினால் மணல் குழாயை இறுக்கிப் பிடித்துவிடும். சுழன்றுகொண்டே இறங்கினால் அந்தப் பிடியின் பெரும்பங்கு சுழற்சியை மறிப்பதிலேயே போய்விடும். இறக்கத்தை மறிக்க மிச்சம் கொஞ்சம்தான். ஆனால் சுற்று நிற்கக்கூடாது. முதல் குழாய் இறங்கிக்கொண்டிருந்தபோது மத்தியான மணி அடித்தது. நாலு பேரும் தடியை விட்டு, தலைத்துண்டை எடுத்து, மாதாவுக்கான திரிகாலச் செபத்துக்கு நின்றார்கள். கடலில் நின்றாலும் அவர்கள் வழக்கம் அதுதான். செபம் முடிந்து பார்த்தால் குழாய் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

கோயில் பாதிரியாரான சுவாமியாரிடம் இன்னும் ஒரு குழாய்தான் இருந்தது. அதுவும் சிக்கினால் கிணற்றுக் கதையே இல்லை. அதை இறக்கிய அன்று, மத்தியானம் நெருங்க நெருங்க எல்லோரும் மணிக்கூண்டையே பார்த்தார்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மணி அடித்தது.

"கும்பிட வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை," என்றார் நானா. "நடந்துகொண்டு கும்பிடுங்கோ."

தடி பிடித்திருந்த நாலு பேரில் ஒருவரான, வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருந்த சம்மாட்டியார் சுவாமியாரைப் பார்த்தார். "நடந்துகொண்டு சொன்னா மாதா கேக்கமாட்டாவோ, சுவாமி?"

"கேப்பா. நட."

செபம் குழாயைச் சுற்றி வந்தது. குழாய் இறங்கியது. நானாவும் தடியில் ஒரு கை கொடுத்து நடந்தார்.

இப்போதெல்லாம் இயந்திரம் வந்து துளைத்துவிட்டுப் போகிறது. யாருடைய செபநேரம் என்று அதற்குக் கவலையில்லை. அன்று சம்மாட்டியார் நிழலைப் பார்த்துவிட்டு, "நானா, உங்கட நேரமும் வந்திட்டுது. போய்த் தொழுதிட்டு வாங்கோ. நாங்கள் நிப்பாட்டமாட்டம்," என்றார். நானா தடியை அவர்களிடம் விட்டுவிட்டுக் கரைக்குப் போனார். நல்ல தண்ணீர் இல்லாததால் கடல்நீரில் கைகால் கழுவி, மணலிலேயே தொழுதார்.

அடுத்த நாள், தண்ணீரை எட்டிய குழாயில் கைப்பம்பி பூட்டினார்கள். முதலில் கலங்கலாக வந்த தண்ணீர் மெல்லத் தெளிந்தது. குடத்தோடு காத்து நின்ற பெண்கள் ஒருவரும் முன்னே வரவில்லை. சம்மாட்டியார் பம்பியை அடித்தார். நானா தொழுகைக்குக் கைகால் கழுவினார். அதன் பிறகே முதல் குடம் வைத்தார்கள்.